ப்ளான்ட் ஸ்டெரால் மாத்திரை கொலஸ்ட்ராலுக்கு நிஜமா கேக்குமா? மச்சான் டப்பா கொண்டாந்து வெச்சிட்டான்

பாலாறு80 (வாலாஜாபேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவ, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. வயசு 45, சிப்காட்ல ஒரு லெதர் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, காலைல உக்காந்தா சாயந்திரம்தான் எழுந்திரிக்கிறது. கம்பெனி செக்கப்ல இந்த வருஷம் மொத்த கொலஸ்ட்ரால் 238, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 162, ஹெச்டிஎல் (நல்லது) 41, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பு) 175ன்னு வந்துது. பிபி பரவால்ல, சுகர் பார்டர்ல நிக்குது, சிகரெட் தண்ணி ரெண்டும் இல்ல. எங்க அப்பாவுக்கு 51 வயசுலயே அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாங்க, அதுதான் மனசுல உறுத்திக்கினே இருக்கு.

டாக்டரு ரிப்போர்ட்ட பாத்துட்டு கொலஸ்ட்ரால் கொறைக்கற ஸ்டாடின் வகை மாத்திரை, அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எழுதி குடுத்து, மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துக்கினு வாங்கன்னு அனுப்பிட்டாரு. வீட்டுக்கு வந்தா மச்சான் உக்காந்துனு இருக்கான். அவன் இப்போ ஆளு சேக்கற பிசினஸ் ஒண்ணுல சேந்துக்கீறான், தெரிஞ்சவங்க யாரப் பாத்தாலும் எதனா ஒரு டப்பா. "மாமா, இங்கிலீஷ் மருந்த ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, லிவர் போயிடும், இது செடில இருந்து எடுத்தது, சைடு எபெக்ட்டே கெடயாது"ன்னு ப்ளான்ட் ஸ்டெரால் மாத்திரை டப்பா ஒண்ண குடுத்துட்டு போயிட்டான். 60 மாத்திரை 1,450 ரூபா, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. என் வீட்டம்மா அவங்க தம்பி பக்கம், நான் நடுவுல மாட்டிக்கினு முழிக்கிறேன்.

இந்த ஸ்டெரால்னா என்னா, இது உடம்புல என்னா பண்ணும், டாக்டர் குடுத்த மாத்திரைக்கு பதிலா இத போட்டுக்கலாமா இல்ல ரெண்டும் சேத்து போடலாமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மச்சான் மாதிரி விக்கிறவங்க யாராச்சும் இருந்தா தயவுபண்ணி வராதீங்க.


மாத்திரைக்காரன் (சத்துவாச்சாரி)

சார், மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நின்னுக்கினு எழுதறேன், நடுவுல விட்டு விட்டு வரும். நான் டாக்டர் இல்ல, பார்மசிஸ்ட்.

மொதல்ல ஒண்ணு, ஸ்டெரால்ங்கறது டூப் கெடயாது. நமக்கு கொலஸ்ட்ரால் எப்படியோ செடிகளுக்கு அது மாதிரி. பீட்டா சைட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால்னு பேரு இருக்கும், அமைப்பு பாத்தா கொலஸ்ட்ராலோட கூடப்பொறந்தது மாதிரி ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் மாறும். அந்த ஜாடைதான் விஷயமே. கொலஸ்ட்ரால் குடலுக்குள்ள தனியா கரையாது, பித்தநீர் சேந்து மைசெல்னு சின்ன சின்ன உருண்டையா ஆகி அதுல ஏறித்தான் குடல் சுவருக்கு போகணும். ஸ்டெரால் முன்னாடியே போய் அந்த உருண்டையில துண்டு போட்டு சீட்டு புடிச்சுக்கும், நம்ம காட்பாடி பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடற மாதிரியே. எடம் கெடைக்காத கொலஸ்ட்ரால் மலத்தோட வெளிய போயிடும். ஸ்டெராலையும் உடம்பு உள்ள சேத்துக்கறது ரொம்ப கம்மி, அப்படியே கொஞ்சம் உள்ள போனாலும் ஏபிசிஜி5, ஏபிசிஜி8ன்னு ரெண்டு பம்பு குடல் செல்லுல இருக்கு, அது திரும்ப வெளிய தள்ளிடும்.

நாம சாப்பாட்டுல சாப்புடற கொலஸ்ட்ராலுக்கு மட்டும்தான் இதுன்னு நெனைக்காதீங்க. ஈரல் பித்தநீர் வழியா குடலுக்குள்ள எறக்கற கொலஸ்ட்ரால் சாப்பாட்டுல வர்றதவிட அதிகம், அதையும் சேத்துதான் இது தடுக்கும். அதனால முட்டை கறி தொடாத சைவக்காரங்களுக்கும் வேலை செய்யும். ஆனா உள்ள வர்றது கொறைஞ்சுதுன்னு தெரிஞ்சா ஈரல் சும்மா இருக்காது, தானே கொஞ்சம் அதிகமா தயார் பண்ணிக்கும், அதனால கடைசில ரத்தத்துல எல்டிஎல் எறங்கறது நீங்க நெனைக்கிற அளவுக்கு இருக்காது.

எவ்ளோ எறங்கும்? நாளைக்கு 2 கிராம் ஸ்டெரால், சாப்பாட்டோட, தவறாம எடுத்தா எல்டிஎல் சுமாரா 8ல இருந்து 10 சதவீதம். 3 கிராமுக்கு மேல போனா கூடுதலா பெருசா ஒண்ணும் கெடைக்காது. ரெண்டு மூணு வாரத்துலயே வித்தியாசம் தெரிஞ்சிடும். ஹெச்டிஎல் ஏறாது, ட்ரைகிளிசரைடுக்கும் சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. உங்க கணக்குல 162 போய் 147 கிட்ட நிக்கும். அட்டோர்வாஸ்டாடின் 10 எடுத்தா முப்பத்தஞ்சு சதவீதத்துக்கு மேல எறங்கும், அதாவது 105க்கு கிட்ட. ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு பேசறதே சரி இல்ல.

டப்பாவ திருப்பி பின்னாடி பொடி எழுத்த படிச்சு சொல்லுங்க, ஒரு மாத்திரைல எத்தன மில்லிகிராம், அப்புறம் "எஸ்டர்"னு ஒரு வார்த்த இருக்கா. அத பாத்துட்டு மிச்சம் சொல்றேன்.


இயற்கை_வழி

ஐயா இந்த ஸ்டாடின் எல்லாம் கம்பெனிக்காரன் காசு பாக்கற வேலை. ராத்திரி பூண்டு நாலு பல்லு பால்ல வேகவெச்சு குடிங்க, காலைல பட்டைத்தூள் மஞ்சள்தூள் வெந்நீர்ல கலக்கி குடிங்க, வெந்தயம் ஊறவெச்சு சாப்புடுங்க, கொலஸ்ட்ரால் ஓடியே போயிடும். நம்ம தாத்தா பாட்டி என்ன மாத்திரையா சாப்பிட்டாங்க.


மாத்திரைக்காரன் (சத்துவாச்சாரி)

தாத்தா பாட்டிக்கு யாரும் லிபிட் ப்ரொபைல் எடுத்து பாக்கலியே சார், நெஞ்சு வலின்னு ஒக்காந்தவரு போயிட்டாருன்னா மாரடைப்புன்னு ஒரு வார்த்தைல முடிஞ்சு போச்சு.

நீங்க சொன்ன லிஸ்ட்ட அப்படியே ஒரு ஆராய்ச்சில போட்டு பாத்துக்கீறாங்க, 2022ல வந்தது, ஸ்போர்ட்னு பேரு, அமெரிக்கால க்ளீவ்லேண்ட் க்ளினிக் செஞ்சது. 190 பேர பிரிச்சு ஒரு குரூப்புக்கு ரோசுவாஸ்டாடின் வெறும் 5 மில்லிகிராம், மத்தவங்களுக்கு பூண்டு, பட்டை, மஞ்சள், மீன் எண்ணெய், செவப்பு ஈஸ்ட் அரிசி, ப்ளான்ட் ஸ்டெரால், இன்னொரு குரூப்புக்கு சும்மா டம்மி மாத்திரை. 28 நாள் கழிச்சு பாத்தா ஸ்டாடினுக்கு எல்டிஎல் 38 சதவீதம் கிட்ட எறங்கிச்சு. மத்த ஆறுல ஒண்ணு கூட டம்மியவிட மேலன்னு சொல்ற அளவுக்கு வரல, பூண்டு குரூப்புக்கு டம்மியவிட கொஞ்சம் ஏறவே செஞ்சுது. கொழம்புல பூண்டு போடுங்க, ரசத்துல தட்டி போடுங்க, ருசிக்கு அது மாதிரி உண்டா, ஆனா அத நம்பி டாக்டர் சீட்ட கிழிச்சு போடாதீங்க.

நியாயமா பேசணும்னா அந்த ஆராய்ச்சில ஸ்டெரால் குரூப்பும் சின்னது, நாளும் கம்மி. அதுக்கு முன்னாடி வந்த நெறைய ஆராய்ச்சிங்கள ஒண்ணா சேத்து பாத்தாதான் அந்த 8, 10 சதவீத கணக்கு வருது. அதனாலதான் ஸ்டெரால மட்டும் நான் டூப்புன்னு சொல்லல. சின்ன வேலை செய்யற சாமான், பெரிய வேலை செய்யும்னு விக்கிறாங்க, அவ்ளோதான்.


ஆரணி அரிசிமூட்டை

அரிசி மில்லுல இருக்கறவன் ஒரு வார்த்த சொல்லிக்கறேன். எங்க ஊர்ல நெல்லு அரைச்சு வர்ற தவிட்ட முன்னாடி மாட்டுக்கும் கோழிக்கும்தான் போடுவாங்க, இப்போ அத சால்வென்ட் ஆலைக்கு லோடு லோடா ஏத்தி அனுப்பறாங்க, அதுல இருந்துதான் தவிட்டு எண்ணெய் எடுக்கறது. கடைல ரைஸ் பிரான் ஆயில் பாக்கெட்டு மேல ஒரைசனால் ஒரைசனால்னு பெருசா போட்டுக்கீறானே, அதுவும் இந்த ஸ்டெரால் குடும்பம்தான், ஸ்டெராலோட பெரூலிக் ஆசிட்னு ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும். சமையல் எண்ணெய்ங்கள்ல ஸ்டெரால் அதிகமா இருக்கறதுல தவிட்டு எண்ணெய் முன்வரிசை, அப்புறம் மக்காச்சோள எண்ணெய், நல்லெண்ணெய். கடலெண்ணெய்ல அவ்ளோ இல்ல, தேங்கா எண்ணெய்ல ரொம்பவே கம்மி. எள்ளு, பாதாம், வேர்க்கடல, பருப்பு எல்லாத்துலயும் இருக்கு. போளூர் பக்கம் போனா பச்ச வேர்க்கடல அவிச்சு மரக்கா கணக்குல தின்றான், அவனுக்கு எதுக்கு மாத்திரை?

அதனால 1,450 ரூபா குடுத்து டப்பா வாங்கறதுக்கு எண்ணெய மாத்திட்டு போலாமே, ஏன் யாரும் இத சொல்லல?

இன்னொண்ணு சிரிப்பு வரும். கடலெண்ணெய் பாக்கெட்டுல "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு இதய படம் போட்டு விக்கிறான் பாருங்க, எந்த செடி எண்ணெய்ல கொலஸ்ட்ரால் இருந்துது இப்போ இல்லாம போறதுக்கு.


மாத்திரைக்காரன் (சத்துவாச்சாரி)

அண்ணே கடைசி பாராவுக்கு கைகுடுங்க. ஆனா எண்ணெய் கணக்கு ஒதைக்குது. தவிட்டு எண்ணெய் 100 கிராம்ல ஸ்டெரால் ஒரு கிராமுக்கு மேல இருக்கும்னே வெச்சுக்குங்க, 2 கிராம் வேணும்னா நாளைக்கு 150, 200 கிராம் எண்ணெய் குடிக்கணும். ஒரு வீடே ஒரு நாளைக்கு அவ்ளோ செலவு பண்ணாது. சாதாரணமா மூணு வேளை சாப்பாட்டுல ஒரு ஆளுக்கு கெடைக்கறது 200ல இருந்து 400 மில்லிகிராம், சைவம் நெறைய சாப்புடறவங்களுக்கு கொஞ்சம் கூட. மருந்து அளவு வேற, சாப்பாட்டு அளவு வேற. எண்ணெய மாத்தறது நல்லதுதான், ஆனா அதுல வர்ற லாபம் பெரும்பாலும் நெய், வனஸ்பதி, பாமாயில் கொறையறதால வர்றது, ஸ்டெரால் கூடறதால இல்ல.


பாகாயம் வாத்தியார்

பணி ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். என் பொண்ணு இங்க நர்சிங் படிச்சிட்டு இங்கிலாந்துல வேலைல இருக்கா, பேரப்பிள்ளைய பாத்துக்க நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். அங்க சூப்பர் மார்க்கெட்ல பால் தயிர் வெக்கிற அலமாரியிலயே இந்த சமாச்சாரம் இருக்கும், கட்டவிரல் ஒசரத்துக்கு குட்டி குட்டி பாட்டில்ல தயிர் பானம், ஒரு பாட்டில் குடிச்சா அன்னிக்கு வேண்டிய 2 கிராமும் அதுலயே முடிஞ்சுது. ரொட்டில தடவற வெண்ணெய் மாதிரியும் உண்டு. ஸ்ட்ராபெரி வாசனை, லேசா புளிப்பு, நாக்குல மாவு மாதிரி எதுவும் நிக்காது. மத்தியான சோத்துக்கு அப்புறம் தெனமும் குடிச்சேன். ஊருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்ததுல எல்டிஎல் 148ல இருந்து 134க்கு வந்துது, மாத்திரைக்காரத் தம்பி சொல்ற கணக்குக்கு ஒத்துப்போகுது. ஆனா குளிர்ல தெனம் பேரனோட பார்க்குக்கு நடந்தேன், பரோட்டா கண்ணுலயே படல, அதுல எது எவ்ளோன்னு நான் எப்படி பிரிச்சு சொல்றது.

மாவு மாதிரி நிக்காதுன்னு ஏன் சொன்னேன்னா, இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1950கள்லயே அமெரிக்காவுல சைட்டோஸ்டெரால மருந்தா வித்தாங்க, சைட்டெலின்னு பேரு. சுத்தமான ஸ்டெரால் தண்ணிலயும் கரையாது, எண்ணெய்லயும் லேசுல கரையாது, சாக்பீஸ் தூள் மாதிரி இருக்கும், அதனால கிராம் கணக்குல அள்ளி அள்ளி குடுக்க வேண்டியிருந்துது. யாரு குடிப்பா? அப்புறம் பின்லாந்துக்காரங்க அதுக்கு ஒரு வழி கண்டாங்க. ஸ்டெராலுக்கு ஹைட்ரஜன் ஏத்தினா ஸ்டெனால், அத கொழுப்பு அமிலத்தோட சேத்தா எஸ்டர், எஸ்டர் கொழுப்புல சுலபமா கரைஞ்சிடும். காகிதத்துக்கு பைன் மரத்த கூழாக்கறாங்களே, அந்த ஆலைல மிஞ்சற எண்ணெய்ல இருந்து எடுத்தாங்க. 1995ல பெனிகால்னு மார்ஜரினா கடைக்கு வந்துது, அதே வருஷம் வட கரேலியா ஜனங்க மேல செஞ்ச ஆராய்ச்சியும் நியூ இங்கிலாண்ட் ஜர்னல்ல வந்துது. வட கரேலியா பின்லாந்துல இருக்கு, ஒரு காலத்துல மாரடைப்புக்கு உலகத்துலயே பேர்போன ஜில்லா, வெண்ணெயும் பாலாடையுமா சாப்புட்ட ஊரு, அதனாலதான் அங்க ஆரம்பிச்சாங்க. 2000ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எப்டிஏவும் லேபிள்ல இதய நோய் பத்தி போட்டுக்கலாம்னு அனுமதி குடுத்துது.

அவ்ளோ பெருமை பேசிட்டு இதையும் சொல்லணும். என் பொண்ணே சொன்னது, அந்த நாட்டுலயே நைஸ்ங்கற அரசு அமைப்பு, இதய நோய் தடுக்க ஸ்டெரால் ஸ்டெனால் எடுங்கன்னு டாக்டருங்க சொல்ல வேணாம்னு 2014 வழிகாட்டியில எழுதிடுச்சு. ஏன்னா எல்டிஎல் எறங்குதுங்கறதுக்கு அத்தாட்சி இருக்கு, மாரடைப்பு கொறைஞ்சுதா சாவு கொறைஞ்சுதான்னு காட்டற பெரிய ஆராய்ச்சி இதுவரைக்கும் இல்ல. ஸ்டாடினுக்கு அது இருக்கு. ஐரோப்பா இதய டாக்டருங்க 2019ல கொஞ்சம் தாராளம், மருந்து தேவைப்படாத ஆளுங்களுக்கும் மருந்தோட கூட வேணும்னாலும் 2 கிராம் யோசிக்கலாம்னு விட்டாங்க. வாலாஜா தம்பி, உங்க அப்பாவுக்கு 51 வயசுலன்னு எழுதிக்கீறீங்களே, அந்த வரிய மச்சான் படிக்கல, டாக்டர் படிச்சாரு.


பாலாறு80 (வாலாஜாபேட்டை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா கடைசி வரிய வீட்டம்மாவுக்கு சத்தமா படிச்சு காட்டினேன், ஒண்ணும் பேசல, டீ மட்டும் வந்துது.

டப்பாவ திருப்பி பாத்தேன். முன்பக்கம் பச்சை இலை, சோயா மொச்சை படம், "ஹார்ட் கேர்"னு தங்க எழுத்து. பின்பக்கம் பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியுது: ஒரு மாத்திரைல ப்ளான்ட் ஸ்டெரால் எஸ்டர் 400 மில்லிகிராம். கூடவே பூண்டு சாறு 50, க்ரீன் டீ சாறு 25. ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரை. வெறும் வயித்துல போடணும்னு மச்சான் சொன்னான், டப்பால அப்படி எதுவும் போடல. அடில சின்னதா "மருத்துவ பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல இருக்கு. அது கொஞ்சம் கோவத்த கெளப்பிடுச்சு.


மாத்திரைக்காரன் (சத்துவாச்சாரி)

அந்த எஸ்டர்ங்கற வார்த்ததான் நான் கேட்டது. எஸ்டர் எடைல சுமாரா 60 சதவீதம்தான் நெசமான ஸ்டெரால், மிச்சம் ஒட்டியிருக்கற கொழுப்பு அமிலம். 400ல 240. ரெண்டு மாத்திரைக்கு 480 மில்லிகிராம், 2 கிராம்ல கால்வாசி. 2 கிராம் வேணும்னா நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல முழுங்கணும், 60 மாத்திரை ஒரு வாரம் தாங்கும், மாசத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல. அட்டோர்வாஸ்டாடின் 10 மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ வாங்கினா மாசம் பூரா ஒரு பிரியாணி காசு கூட ஆவாது.

வெறும் வயித்துலன்னு சொன்னாரே, அதான் இருக்கறதுலயே பெரிய கூத்து. பித்தநீர் எறங்கறதே சாப்பாடு, அதுலயும் கொஞ்சம் எண்ணெய் சத்து உள்ள சாப்பாடு போனாத்தான். வெறும் வயித்துல போட்டா இது யாரோட போட்டி போடும்? மத்தியானம் சோத்தோட போடறதுதான் மொறை.

சேத்து போடலாமான்னு கேட்டீங்க. ஸ்டாடினோட ஸ்டெராலுக்கு சண்டை இல்ல. ஸ்டாடின் ஈரல் தயாரிக்கறத அடக்குது, இது குடல்ல வர்றத தடுக்குது, வழி வேற. ஸ்டாடின் டோஸ ரெண்டு மடங்கு ஆக்கினாலே கூடுதலா 6 சதவீதம்தான் எறங்கும், ஸ்டெரால் முழு அளவுல சேந்தா அந்த அளவோ கொஞ்சம் மேலயோ குடுக்கும். ஆனா குடல் வழியத்தான் அடைக்கணும்னா எசிட்டிமைப் 10ன்னு ஒரு மாத்திரை இருக்கு, கொலஸ்ட்ரால உள்ள இழுக்கற என்பிசி1எல்1ங்கற கதவையே மூடிடும், ஒரே மாத்திரைல 18, 20 சதவீதம் எறங்கும், அதுக்கு 2015ல மாரடைப்பு கொறைஞ்ச அத்தாட்சியும் வந்துடுச்சு. உங்க டாக்டருக்கு தேவைப்பட்டா அவரே அத சேப்பாரு.

சைடு எபெக்டே கெடயாதுங்கறதும் முழுசா சரி இல்ல. பீட்டா கரோட்டின் மாதிரி சத்தும் உடம்புல ஏறறது கொறையும், அதனால எடுக்கறவங்க கேரட்டு, பூசணி, கீரைன்னு சேத்துக்கணும். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, அஞ்சு வயசுக்குள்ள கொழந்தைங்க எடுக்கக்கூடாது. அப்புறம் சைட்டோஸ்டெரோலீமியான்னு ரொம்ப அபூர்வமா ஒரு பரம்பரை வியாதி, மொதல்ல சொன்ன அந்த பம்பு ரெண்டுல ஒண்ணு பொறவியிலயே வேலை செய்யாது, செடி ஸ்டெரால் ரத்தத்துலயே தேங்கி சின்ன வயசுலயே தோல்ல, முட்டில மஞ்சளா கொழுப்பு கட்டி வரும், இதயத்துக்கும் ஆபத்து. அவங்களுக்கு இது விஷம் மாதிரி.


குடியாத்தம் அக்கா

தம்பி நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன், எல்லாரும் மாத்திரை பத்தியே பேசறீங்க. எனக்கும் ரெண்டு வருஷம் முன்ன எல்டிஎல் 170 தாண்டி இருந்துச்சு, ஸ்டாடின் குடுத்தாங்க, தொடை ரெண்டும் வலி எடுத்து மாடிப்படி ஏற முடியல, இந்த மாத்திரைதான் காரணம்னு நானே நிறுத்திட்டு பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு ஏதோ ஒரு பொடி வாங்கி குடிச்சினு இருந்தேன். அப்புறம் முடி கொட்டுது, உடம்பு ஊதுதுன்னு வேற டாக்டர்கிட்ட போனப்ப அவங்க டிஎஸ்ஹெச்னு தைராய்டு ரத்த டெஸ்ட் எழுதினாங்க, பாத்தா தைராய்டு சுத்தமா கொறைஞ்சு கெடக்குது. தைராய்டு கம்மியா இருந்தா எல்டிஎல் தானா ஏறுமாம், ஸ்டாடின் போட்டா சதை வலியும் சீக்கிரம் வருமாம். தைராக்சின் ஆரம்பிச்சதுமே கொலஸ்ட்ரால் பாதி பிரச்சனை கொறைஞ்சு போச்சு, அப்புறம் கம்மி டோஸ்ல ஸ்டாடின் திரும்ப ஆரம்பிச்சாங்க, வலி இல்ல. உங்களுக்கு டிஎஸ்ஹெச் பாத்தாங்களா? கம்பெனி செக்கப்ல பல எடத்துல அது இருக்கறதில்ல, பாத்துக்கோங்க.


ஆம்பூர் பையன்

எங்க ஊரு பிரியாணிய யாரும் இழுக்கறதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன். சீரக சம்பா, மட்டன், கூடவே கத்தரிக்கா, அதுல கத்தரிக்காவ மட்டும் சாப்புட்டா கொலஸ்ட்ரால் ஏறாது, சரியா.


பாகாயம் வாத்தியார்

ஆம்பூர் தம்பி விளையாட்டா சொன்னதுல விஷயம் இருக்கு. டொரன்டோல ஜென்கின்ஸ்னு ஒரு டாக்டர், 2003ல ஒரு சாப்பாட்டு முறை வெச்சு பாத்தாரு, போர்ட்போலியோ டயட்னு பேரு. ஸ்டெரால் சேத்த மார்ஜரின், சோயா, பாதாம், அப்புறம் கொழகொழன்னு நார்ச்சத்து உள்ளதா ஓட்ஸ், பார்லி, இசப்கோல். அதுக்கு அவரு சேத்த காய்கறி ரெண்டு என்னா தெரியுமா, வெண்டக்காயும் கத்தரிக்காயும். ஒரு மாசத்துல எல்டிஎல் 28 சதவீதத்துக்கு மேல எறங்கிச்சு, அதே ஆராய்ச்சில ஸ்டாடின் எடுத்த இன்னொரு குரூப்புக்கு 30 சொச்சம். கிட்டத்தட்ட சமம். ஆனா அது அவங்களே சாப்பாடு கட்டி குடுத்து சாப்பிட வெச்சது. அப்புறம் 2011ல, நீங்களே வீட்டுல செஞ்சு சாப்புடுங்கன்னு ஆலோசனை மட்டும் சொல்லி விட்டு பாத்தப்ப 13 சதவீதத்துல நின்னுது. மனுஷன் மனுஷன்தான்.

நம்ம அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடே கெடைச்சிருக்கு, அத வெச்சுக்கினு டப்பாவுக்கு காசு குடுக்கறோம். ஆனா எண்ணெய்ல முக்கி எண்ணெய் கத்தரிக்கா பண்ணிட்டு வாத்தியார் சொன்னாருன்னு சொல்லாதீங்க. இசப்கோல் எந்த மெடிக்கல்லயும் கெடைக்கும், நாளைக்கு 10 கிராம் தண்ணில கலக்கி குடிச்சா எல்டிஎல் ஒரு 6, 7 சதவீதம் எறங்கும், மச்சான் டப்பாவோட ரெண்டு மாத்திரைய விட அது மேல, வெலையும் சல்லிசு. தண்ணி மட்டும் நெறைய குடிக்கணும், இல்லாட்டி தொண்டைல அடைக்கும்.


ஆரணி அரிசிமூட்டை

அப்போ ராகி களிக்கும் கீரைக்கும் எதனா மார்க்கு உண்டா வாத்தியாரே? எங்க வீட்டுல வாரத்துல பாதி நாள் அதான்.


பாகாயம் வாத்தியார்

உண்டு உண்டு, மைதாவுக்கும் மூணு வேளை வெள்ளை சோத்துக்கும் பதிலா வந்தா ட்ரைகிளிசரைடுக்கு நல்லது. களிய ரெண்டு உருண்டைக்கு மேல போடாதீங்க, அதுவும் மாவுதான். தொட்டுக்க கருவாட்டு கொழம்பு நான் கேக்கல, நீங்களும் சொல்லல.


பாலாறு80 (வாலாஜாபேட்டை)

டிஎஸ்ஹெச் பாக்கல அக்கா, நாளைக்கே எடுத்துடறேன். அட்டோர்வாஸ்டாடின் வாங்கிட்டேன், நேத்து ராத்திரில இருந்து ஆரம்பிச்சாச்சு. மச்சான்கிட்ட எட்டு மாத்திரை கணக்க போன்ல சொன்னேன், அதுக்கு அவன் "மாமா அப்போ மாசம் நாலு டப்பா எடுத்துக்கோங்க, உங்களையும் சேத்து விட்டுர்றேன், டிஸ்கவுண்ட் வரும்"ங்கறான். வீட்டம்மாவே போன புடுங்கி வெச்சிட்டாங்க.

காசு குடுத்தாச்சு, டப்பா கெடக்குது. அத ஸ்டாடினோடயே போட்டு தீத்துடலாமான்னு ஒரு யோசனை.


மாத்திரைக்காரன் (சத்துவாச்சாரி)

இப்போ வேணாம் சார். ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா நாளைக்கு எல்டிஎல் எறங்கினா எதனால எறங்கிச்சுன்னு தெரியாது, வலியோ வயிறு உப்புசமோ வந்தாலும் எதனாலன்னு தெரியாது, உங்க மச்சான் எறங்கினத மட்டும் அவரு கணக்குல எழுதிப்பாரு. ஸ்டாடின் மட்டும் போட்டுட்டு டாக்டர் சொன்ன மூணு மாசத்துல பாருங்க, மொதல்ல எடுத்த அதே லேப்புல எடுத்தா ஒப்பிட சுலபம். ஏஎல்டின்னு லிவர் டெஸ்டும் சேத்து பாக்க சொல்லுங்க, லிவர் போயிடும்னு அவரு சொன்னதுக்கு பதில் அந்த ரிப்போர்ட்லயே வந்துடும். சதை வலி தாங்க முடியாம வந்தா, இல்ல மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல போச்சுன்னா மூணு மாசம் காத்துக்கினு இருக்காதீங்க, ஒடனே டாக்டர்கிட்ட போங்க. அப்பா விஷயத்தையும் பார்டர் சுகரையும் அடுத்த தடவ மறுபடி ஞாபகப்படுத்துங்க, எல்டிஎல் எவ்ளோக்கு கீழ இருக்கணும்னு அத வெச்சுதான் அவரு முடிவு பண்ணுவாரு. க்ரீன் டீ சாறு கலந்த டப்பாவ சும்மா தீக்கறதுக்காக திங்காதீங்க, அந்த சாறு சில பேருக்கு ஈரல தொந்தரவு பண்ணிக்கீது.


குடியாத்தம் அக்கா

தம்பி டிஎஸ்ஹெச் ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க. உங்க வீட்டம்மாவுக்கும் சேத்து எடுத்துடுங்க, பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருது, நாங்க யாரும் சொல்லாம கெடப்போம்.